அப்பத்தா கட்டில் உயரத்தில் ஒரு கார்!

கார் வாங்குவது வேறு, கார் பார்ப்பது வேறு. வாங்குகிறவர்கள் ஒரே வாரத்தில் வாங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் 2007-ல் ஆரம்பித்து 2011 வரை கார் 'பார்த்தோம்'.

அச்சு அசலாகப் பெண் பார்க்கப் போவது மாதிரிதான். புரோக்கர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை நேரம் பார்த்துக் கிளம்புவது உண்டு. போன இடத்தில் காபி உண்டு. வெளியே வந்ததும், "கதவு லேசா கோணலா இருந்துச்சே, கவனிச்சீங்களா?" என்று அம்மா குறை சொல்வது உண்டு. "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று அப்பா கைகூப்பிவிட்டு வருவார். சொல்லி அனுப்பவே மாட்டார்.

இப்போது நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். புதுக் கார் அறிமுகம் என்றால் எடிட்டர் என் பக்கம்தான் திரும்புவார். "பொண்ணுங்களுக்குக் கார் மேல இவ்வளவு கிறுக்கு எப்படி?" என்று கேட்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடிந்ததில்லை. அந்த நான்கு வருடக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது 1999-ல். மதுரையில் பழங்காநத்தம். அப்பா ஓர் உதவிபெறும் பள்ளியில் கிளார்க். அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக்கொடுப்பார். அண்ணன், நான், அப்பத்தா. இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு பஜாஜ் சேட்டக். அப்பத்தா எங்கே போனாலும் டவுன் பஸ்தான். மற்ற நான்கு பேரும் ஒரே ஸ்கூட்டரில். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் அண்ணன் நசுங்கிக்கொண்டு வருவான். நான் முன்னால், அப்பாவின் இரண்டு கைகளுக்கு நடுவில், ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நிற்பேன்.

சினிமா தியேட்டரில்கூட அப்படியொரு முதல் வரிசை டிக்கெட் கிடைக்காது. எதிரே வரும் எல்லா வண்டிகளும் எனக்கு முகத்தைக் காட்டிக்கொண்டுதான் வரும். வட்டக் கண்ணோடு வருவது அம்பாசடர். சதுரக் கண்ணோடு, கொஞ்சம் பயந்த முகத்தோடு வருவது மாருதி 800. முட்டைக் கண்ணை விரித்துக்கொண்டு வருவது சான்ட்ரோ. எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு முன்பே கார்களின் முகம் எனக்கு மனப்பாடம். மழை வந்தால் முதல் துளி என் மேல்தான் விழும். அது வேறு விஷயம்.

கார் வேண்டும் என்ற பேச்சு வீட்டில் எழுந்ததற்குக் காரணம் நாங்கள் இல்லை, குலசாமி. திருப்பத்தூர் தாண்டி, சிவகங்கைச் சீமையில் ஒரு கண்மாய்க் கரையில் இருக்கிறது எங்கள் கோயில். மாசி மகா சிவராத்திரிக்குப் போயே ஆக வேண்டும். பஸ்ஸில் போனால் மெயின் ரோட்டில் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடை. அதனால் வருடத்துக்கு ஒரு நாள், ஸ்டாண்டில் இருக்கும் வாடகை அம்பாசடரைப் பேசுவோம். சித்தப்பா குடும்பமும் சேர்ந்து ஒன்பது பேர் ஏறுவோம். பொங்கல் பானை, விறகு, சேவல் எல்லாம் டிக்கியில். ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் கியரை டிரைவர் அண்ணன் தோசைக் கரண்டியைத் திருப்புவது போலத் திருப்புவார். நான் அப்பா மடியில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வருவேன். ஊர் வந்ததே தெரியாது.

"சாவுறதுக்குள்ள ஒரு தடவையாவது நம்ம வண்டியில நம்ம சாமியப் பாக்கணும்யா" என்று அப்பத்தா ஒரு சிவராத்திரி அன்று அப்பாவிடம் சொன்னது. அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, பையில் பேனா செருகிக்கொண்டு, "ஆத்தா, வர்றியா, கார் பாத்துட்டு வருவோம்" என்றார். எனக்கு அப்போது எட்டு வயது.

அண்ணனையும் கூட்டிப்போனார். அண்ணனுக்கோ கார் என்றாலே குமட்டும். பெட்ரோல் வாசனை பட்டால் வாந்தி. ஆனால், போன இடத்தில் எல்லோரும் அவனைத்தான் பார்ப்பார்கள். "தம்பி, ஏறி உக்காந்து பாரு, ஸ்டியரிங்கைப் பிடிச்சுப் பாரு" என்பார்கள். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்குவான். நான் அதற்குள் எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே போயிருப்பேன். ஒரு தடவை அப்பாவே சொல்லிவிட்டார்: "அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பாப்பாகிட்ட காட்டுங்க." அந்த வார்த்தையை நான் இன்றுவரை செலவழிக்காமல் வைத்திருக்கிறேன்.

எங்களோடு அப்பாவின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒர்க் ஷாப் வைத்திருந்த மெக்கானிக் ஒருவரும் வருவார். நான் மாமா என்று கூப்பிடுவேன். எனக்குக் கார் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஒரு காரின் அழகை அவர் ஒரு நாளும் காட்டியதில்லை. காரில் இருக்கும் பொய்யை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும்தான் காட்டினார்.

"பாப்பா, கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்குற சந்தைப் பாரு. மேல ஒரு நூலு, கீழ ரெண்டு நூலுன்னா வண்டி எங்கயோ அடி வாங்கியிருக்கு." பிறகு கதவோரத்து ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் உருவிக் காட்டுவார். உள்ளே கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டுகள் வரிசையாகப் பொட்டு வைத்தது போல இருக்கும். பொட்டு கலைந்திருந்தால் அங்கே டிங்கரிங் நடந்திருக்கிறது. காந்தம் ஒன்றைப் பாக்கெட்டிலேயே வைத்திருப்பார். தகரத்தில் ஒட்டும், பட்டி பார்த்த இடத்தில் வழுக்கிவிடும். கண்ணாடி ஒவ்வொன்றின் மூலையிலும் சின்னதாக ஒரு முத்திரை இருக்கும். அதில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றால், அந்தக் கண்ணாடி மாற்றியது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2308 என்றால் 2008-ம் வருடம் 23-வது வாரம் செய்த டயர். கணக்குப் பாடத்தில் நான் வாங்காத வெரிகுட்டை எல்லாம் டயர் எண் படித்து அந்த மாமாவிடம் வாங்கியிருக்கிறேன்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு எங்களைப் பின்னால் அனுப்புவார். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை அடங்கவில்லை என்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஆயில் மூடியைத் திறந்து, அதன் அடியில் பால் ஆடை மாதிரி படிந்திருந்தால், ஒரு வார்த்தை பேசாமல் மூடிவிட்டு, "சார், காபி குடிச்சிட்டுக் கிளம்புவோம்" என்பார். எனக்கு மிகவும் பிடித்தது பெடல் பரீட்சைதான். மீட்டர் 42,000 கிலோமீட்டர் என்று காட்டும். பிரேக் பெடலின் ரப்பரோ கோடெல்லாம் தேய்ந்து, பழைய செருப்பு மாதிரி வழவழவென்று இருக்கும். மாமா அதைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன்.

புரோக்கர்களின் பாஷையே தனி. 'சிங்கிள் ஓனர்', 'லேடீஸ் ஓட்டினது', 'டாக்டர் வண்டி'. அந்த நான்கு வருடத்தில் நாங்கள் பார்த்த 'டாக்டர் வண்டி'களை எல்லாம் கூட்டினால், ஒரு மெடிக்கல் காலேஜே நடத்தலாம்.

குறை தேடித்தான் போனோம். ஆனால், அப்படித் தேடும்போதுதான் எனக்குக் கார் பிடித்துப்போனது. பழைய காருக்குள் ஒரு குடும்பம் இருக்கும். பின் சீட் இடுக்கில் கையை விட்டால் கோலிக்குண்டு, ஹேர்பின், கடலைத்தோல் எல்லாம் வரும். ஒரு ஃபியட் பத்மினியின் கண்ணாடியில் யாரோ ஒரு குழந்தை விரலால் எழுதிய 'அ' அழுக்கோடு அப்படியே நின்றது. டேஷ்போர்டில் பிள்ளையாரைப் பெயர்த்தெடுத்த பசைத்தடம் இருக்கும். 'இதுல யாரு போயிருப்பாங்க, எங்க போயிருப்பாங்க' என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வருவேன்.

நடுவில் புதுக் கார் ஷோரூம் பக்கமும் ஓரிரு தடவை போனோம். ஓர் இடத்தில், நாங்கள் சேட்டக்கை நிறுத்துவதைக் கண்ணாடிக்குள்ளிருந்தே பார்த்துவிட்ட டை கட்டிய அண்ணன், எழுந்து வராமல் உட்கார்ந்தேயிருந்தார். அப்பா கவனிக்காதது போல நேராகப் போய், "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும் சார்?" என்று கேட்டார். அங்கேதான் எனக்கு முதல் பிரோஷர் கிடைத்தது. வழுவழு தாள், கலர் படம், பின் பக்கத்தில் பொடி எழுத்தில் அளவுகள். டார்க், வீல்பேஸ், கிரவுண்ட் கிளியரன்ஸ் எல்லாம் நான் இங்கிலீஷ் பாடப் புத்தகத்தில் படித்த வார்த்தைகள் இல்லை. மொத்தம் 31 பிரோஷர்கள் சேர்த்தேன். அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் அவை பத்திரமாக இருந்தன.

2008 ஜனவரி 10. டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் ரத்தன் டாடா நானோவை அறிமுகப்படுத்தினார். ஒரு லட்ச ரூபாய் கார். அன்று இரவு நியூஸை அப்பா நின்றுகொண்டே பார்த்தார். ஒரே ஸ்கூட்டரில் குடும்பம் மொத்தமும் போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று டாடா சொல்லியிருந்தார். "நம்மளத்தான் சொல்றாரு" என்றார் அம்மா, தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

மேற்கு வங்கத்தின் சிங்கூரில் தொழிற்சாலைக்கு எதிர்ப்பு வலுத்து, 2008 அக்டோபரில் திட்டம் குஜராத்தின் சானந்துக்குப் போனது. அந்தச் செய்தி வந்த ஒவ்வொரு நாளும் அப்பா முகம் வாடும். 2009 ஏப்ரலில் முன்பதிவு தொடங்கியது. விண்ணப்பப் படிவமே 300 ரூபாய். அப்பா வாங்கிவந்துவிட்டார். "முந்நூறு ரூவாய்க்குப் பேப்பரு!" என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. நாடு முழுக்க 2 லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். முதல் ஒரு லட்சம் பேரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்தார்கள். பதிவுக்குக் கட்ட வேண்டிய தொகை கிட்டத்தட்ட காரின் விலை. எங்களிடம் அது இல்லை. படிவம் நிரப்பப்படாமல் பீரோவுக்குள் போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

மறுபடியும் பழைய கார். அந்த வருடம் செப்டம்பரில் ஒன்று அமைந்தே விட்டது. 1999 மாடல் மாருதி ஜென், மெரூன் கலர். என் வயசு. மாமா பீடிங்கை உருவினார், காந்தம் வைத்தார், பெடலைத் தடவினார். "எடுக்கலாம் சார்" என்றார். அப்பா கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் ஒரு லட்ச ரூபாய் கடன் போட்டு, பணமும் கைக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை அட்வான்ஸ் என்று பேச்சு.

வெள்ளிக்கிழமை விடியற்காலை அப்பத்தா பாத்ரூமில் வழுக்கி விழுந்தது. இடுப்பு எலும்பு முறிவு.

ஆபரேஷன், உள்ளே வைத்த பிளேட், பத்து நாள் பெட், மருந்து, வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்தவருக்குக் கூலி. கணக்கு முடிந்தபோது ஒரு லட்சத்தில் மிச்சம் ஏதும் இல்லை. ஜென்காரருக்கு அப்பா முதல் தடவையாக நிஜமாகவே சொல்லி அனுப்பினார், 'வேண்டாம்' என்று. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அப்பத்தாதான் பேசியது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரை நடந்துவந்து, பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் தொடையைத் தட்டிக் காட்டும்: "எங்க வீட்டுக் காரு இதுக்குள்ளதான் கெடக்கு." சிரித்துக்கொண்டேதான் சொல்லும். அப்பா எழுந்து உள்ளே போய்விடுவார்.

தரையில் உட்காரவே கூடாது, தாழ்வான இடத்திலும் உட்காரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அப்பா கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினார். டவுன் பஸ் படி அப்பத்தாவுக்கு இனி எட்டாது. 2010 சிவராத்திரிக்கு அது கோயிலுக்கு வரவில்லை. 2011-லும் வரவில்லை. அதுவரை கார் எங்களுக்கு ஆசைதான். காசு போன பிறகுதான் அது தேவையாக மாறியது.

2011 சித்திரையில் அப்பா மறுபடி வெள்ளைச் சட்டையை எடுத்தார். பழைய கடனில் பாதி அடைந்திருந்ததால் மேல்கடன் கிடைக்கும். அம்மாவின் சீட்டுப் பணம் 40,000 இருந்தது. ஆனால், இந்தத் தடவை பார்க்கும் விதமே மாறிவிட்டது. மைலேஜ் இரண்டாம் பட்சம். அப்பத்தா ஏறி உட்கார முடியுமா, அதுதான் கேள்வி. ஒவ்வொரு காருக்கும் அதை இழுத்துக்கொண்டு போக முடியாதே?

அம்மாதான் வழி கண்டுபிடித்தார். ஒரு பாவாடை நாடாவை எடுத்து, ஒரு முனையைத் தரையில் வைத்து, செங்கல் வைத்த கட்டிலின் உயரத்துக்குப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டார். "இந்த உசரத்துலதான் அத்தை சிரமமில்லாம உக்காந்து எந்திரிக்கிறாக. இதைக் கொண்டுபோய் சீட்டுல வச்சுப் பாரு" என்று என்னிடம் கொடுத்தார். "டேப்பைத் தந்தா தொலைச்சுட்டு வருவ."

அந்தக் கோடை விடுமுறை முழுக்க, மதுரையின் பழைய கார் கடைகளில் பாவாடை நாடாவோடு அலைந்த ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். மாருதி 800-ல் முடிச்சு சீட்டைத் தாண்டி மேலே நின்றது. அந்த வண்டியின் மொத்த உயரமே சுமார் 1.4 மீட்டர்தான், உள்ளே உட்காருவது கிட்டத்தட்டத் தரையில் உட்காருவது போல. ஜென்னும் அப்படியே. நாங்கள் கைவிட்ட அந்த மெரூன் ஜென்னை வாங்கியிருந்தாலும் அப்பத்தாவால் இப்போது ஏறியிருக்க முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆம்னியில் உயரம் சரி, ஆனால் முன்னால் உட்கார சக்கரத்துக்கு மேலே ஏற வேண்டும். "அதெல்லாம் சினிமாவுல ஆளக் கடத்துற வண்டி, எனக்கு வேணாம்" என்று அப்பத்தா ஏற்கெனவே தள்ளுபடி செய்திருந்தது. ஆர்வத்தில் ஒரு நானோவிலும் வைத்துப் பார்த்தேன். நாடா பொருந்தியது, ஆன்ரோடு விலை பொருந்தவில்லை.

"பாப்பா, காருக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்று ஒரு புரோக்கர் கேட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. நாடாவின் அடிமுனையைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மேல இழுத்துப் பிடி ஆத்தா" என்றார்.

முடிச்சு சரியாகப் போய் உட்கார்ந்தது ஒரு சான்ட்ரோவில். 2002 மாடல், சில்வர் கலர், டி.என் 58 நம்பர். இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி. 1998-ல் அது வந்தபோது, 'என்ன இது, டப்பா மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது' என்று கேலி பேசியவர்கள் உண்டு; ஷாருக் கானை வைத்து விளம்பரம் எடுத்தார்கள். அந்தத் தூக்கல்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது. 800-ஐவிட ஏறக்குறைய ஒரு சாண் உயரம் அதிகம். பக்கவாட்டில் உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தால் போதும்.

வண்டிக்காரர் கே.கே. நகரில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. நிஜமான சிங்கிள் ஓனர். மாமா பெடலைத் தடவிவிட்டு என்னைப் பார்த்தார். ரப்பரில் கோடுகள் அப்படியே இருந்தன. விலை பேசி முடிந்து 1,35,000 ரூபாய். அதற்குப் பிறகு அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். "வண்டிய எங்க நிறுத்துவீங்க? நிழல் இருக்குமா? யார் ஓட்டுவாங்க?" பெண்ணைக் கொடுக்கிற அப்பா மாதிரியே கேட்டார். அப்பா ஒவ்வொன்றுக்கும் பணிவாகப் பதில் சொன்னார். "டிரைவிங் கத்துக்கிட்டு இருக்கேன் சார்" என்றபோது மட்டும் அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது.

பெயர் மாற்றத்துக்கு 29, 30 என்று இரண்டு படிவங்கள். சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுக்க வேண்டும். காசை வைத்துத் தேய்ப்போமே, அதே விளையாட்டு. "நான் தேய்க்கிறேன்" என்றேன். புரோக்கர் தயங்கினார். "அதுதான் தேய்க்கணும்" என்றார் மாமா. பானெட்டுக்குள் தலையை விட்டு நான் எழுத்து எழுத்தாகத் தேய்த்து எடுத்தேன். கிழிந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தது நினைவிருக்கிறது. எங்கள் வீட்டின் முதல் காருக்கான அரசாங்கக் காகிதத்தில் என் கைவேலை இருக்கிறது.

பாண்டி கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டி வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று. அப்பத்தா வாக்கரோடு வாசலில் நின்றது. யாரும் பிடிக்க வேண்டாம் என்று கையை உதறிவிட்டது. திரும்பி நின்று, கையால் சீட்டைத் தடவி, மெதுவாக உட்கார்ந்தது. ஒரு கால். அடுத்த கால். பிறகு நிமிர்ந்து, "கதவச் சாத்துய்யா" என்றது.

2012 சிவராத்திரிக்கு அப்பாவே ஓட்டினார். திருப்பத்தூர் வரை இரண்டாவது, மூன்றாவது கியரைத் தாண்டவில்லை. பின்னால் வந்த டவுன் பஸ் எங்களை ஓவர்டேக் செய்துகொண்டு போனது. அண்ணன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். அப்பத்தா கோயில் வாசலில் இறங்காமல் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. "இங்கருந்தே சாமி தெரியுதுல்ல, இருங்கடா" என்றது.

அதன் பிறகு நான்கு சிவராத்திரிகள் அது அந்த வண்டியில் வந்தது. 2016 ஐப்பசியில் போய்விட்டது.

நாங்கள் பார்த்துப் பார்த்து விட்ட வண்டிகளும் ஒவ்வொன்றாகப் போயின. 2014 ஜனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றது. 1983-ல் முதல் வண்டி விற்றபோது அதன் விலை 47,500 ரூபாய். அதே 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடரும் நின்றது. எங்கள் சான்ட்ரோவுக்கு 2017-ல் 15 வருடம் முடிந்து ஆர்.சி புதுப்பித்தோம். 2022-ல் மறுபடி புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் அப்பா ரிட்டயர் ஆகியிருந்தார். கொடுத்துவிட்டோம். கம்பெனியும் அதே வருடம்தான் சான்ட்ரோ என்ற பெயரை நிறுத்திக்கொண்டது. வண்டியை எடுத்துக்கொண்டு போனவரிடம், "நிழல் இருக்கா?" என்று அப்பா கேட்டார்.

2024 அக்டோபர் 9 இரவு எனக்கு டெஸ்க் ஷிஃப்ட். ரத்தன் டாடா காலமான செய்தி நள்ளிரவு நெருங்கும்போது வந்தது. அவசர அவசரமாகச் செய்தி போட்டு, வாழ்க்கைக் குறிப்பு எழுதி, நானோ பற்றித் தனியாக ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். '2018-க்குப் பிறகு ஏறக்குறைய நின்றுபோன, விற்பனையில் தோற்ற கார்' என்ற வரி வரை வந்தபோது அப்பாவிடமிருந்து போன். தூங்கவில்லை. "நாலு பேரு ஸ்கூட்டர்ல போறத ஒருத்தர் நின்னு பாத்திருக்காரு பாரு ஆத்தா" என்றார். அந்த வரியை எடுக்கவில்லை, உண்மைதானே. ஆனால், அதற்கு மேலே அப்பா சொன்னதைச் சேர்த்தேன்.

அன்றைக்கே கேட்டும் விட்டேன், நெடுநாளாகக் கேட்க நினைத்ததை. "ஏம்ப்பா, கையில காசே இல்லாம அத்தனை வண்டி ஏன் பாத்தோம்?"

"பாக்குறதுக்கு யாரு காசு கேட்டா?" என்றார்.

புதுக் கார் அறிமுக நிகழ்ச்சிகளில் மற்ற நிருபர்கள் டச் ஸ்கிரீனையும் சன் ரூஃபையும் படம் எடுப்பார்கள். நான் முதலில் பின் கதவைத் திறந்து, பக்கவாட்டில் உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துப் பார்ப்பேன். இப்போது எல்லோரும் எஸ்.யூ.வி பக்கம் போகிறார்கள். தாழ்வு பிரச்னை போய், உயரம் பிரச்னை வந்திருக்கிறது. சிலவற்றில் ஏற, பெரியவர்களுக்கு முக்காலி போட வேண்டும். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, கீழ்ச்சட்டம் காலை இடிக்கிறதா, ஏறும்போது பிடிக்கக் கைப்பிடி இருக்கிறதா என்று பார்க்கிறேன். அன்றிலிருந்து இன்றுவரை நான் புரட்டிய பிரோஷர்களில் டிக்கியில் எத்தனை லிட்டர் கொள்ளும் என்பது இருக்கிறது, டயருக்கும் தரைக்கும் கணக்கு இருக்கிறது. தரையிலிருந்து சீட் எவ்வளவு உயரம் என்று ஒன்றில்கூடப் பார்த்ததில்லை. அதனால் என் கட்டுரைகளில் அதை நானே அளந்து எழுதிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு வாசகர் மெயில் அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறதாம், எட்டு லட்சத்துக்குள் என்ன கார் வாங்கலாம் என்று கேட்டிருந்தார். அம்மாவை நேரில் கூட்டிப்போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் அவர் சிரமமில்லாமல் எழுந்திருக்கும் கட்டிலோ நாற்காலியோ எதுவோ, அதன் உயரத்துக்கு ஒரு நாடாவில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன்.

"நன்றி மேடம். ஆனா எந்தக் கார்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே?" என்று திரும்பக் கேட்டிருக்கிறார்.